புங்கமரத்தடிப் பெண்ணும் நாங்கள் பாதி படித்த கதைகளும்

போன மாதம் பவானி என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். திருப்பதியில் நான் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்த குழந்தைகள் இல்லத்தில் இப்போது அவள் வேலை பார்க்கிறாள். தபாலில் எம்.ஏ. தமிழும் படிக்கிறாள். கையில் ஒரு தாள் வைத்திருந்தாள்.

"அக்கா, ஒரு கட்டுரை எழுதணும். வங்காளச் சிறுகதைங்கள்ல பேசாத கொழந்தைங்களுக்கும் இயற்கைக்கும் இருக்கிற உறவு. இதான் தலைப்பு. நீங்க அந்தக் கதைங்கள நெறைய படிச்சிருக்கீங்கன்னு சொன்னாங்க."

படித்திருக்கிறேன். தமிழில் வந்த வங்கக் கதைகள் ஒரு அலமாரி நிறைய என்னிடம் இருக்கின்றன. வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஆனால் அவள் கேட்ட தலைப்பைப் பற்றிச் சொல்ல வாய் திறந்தபோது, எந்தக் கதையும் நினைவுக்கு வரவில்லை. எங்கள் இல்லத்துக்கு வந்த ஒரு பெண்தான் வந்தாள். அவளைப் பற்றி பவானியிடம் சொன்னேன். எழுதுங்கள் என்றாள். எழுதுகிறேன்.

நான் ஆந்திர எல்லையில் தமிழ் பேசும் நாகலாபுரத்துக்காரி. நைனா, எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், கூலி வேலைக்குப் போனவர். கொஞ்சம் நிலம் எங்கள் கைக்கு வந்தது பிற்பாடுதான். பத்தாவது வரை தமிழில் படித்தேன், அதற்குமேல் தெலுங்கில். சித்தூரில் ஆறு மாதப் பயிற்சி. பேன் பார்ப்பதிலிருந்து பதிவேடு எழுதுவது வரை சொல்லிக்கொடுத்து, இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. வேலையை நான் கற்றது ராஜ்யலட்சுமி மேடத்திடம்.

மேடம் எங்கள் கண்காணிப்பாளர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். தெலுங்குக்காரர். தமிழ் பேசுவார், நடுவில் தெலுங்கு வந்து விழும். திருப்பதி போன்ற ஊரில் கூட்டத்தில் குழந்தைகள் தொலைவது தினசரி நடப்பது. பெரும்பாலானவர்கள் ஒருநாளுக்குள் பெற்றோரிடம் போய்விடுவார்கள். போகாதவர்களைத்தான் எங்களிடம் கொண்டுவருவார்கள். இப்போது போட்டோ எடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றினால் பத்து மாநிலத்துக்குப் போகிறது. அப்போது எங்களிடம் இருந்தது ஒரு படிவம், ஒரு பென்சில், மேடத்தின் பொறுமை.

குழந்தை வந்ததும் முதலில் தண்ணீர். பிறகு பாத்ரூம். பிறகு சாப்பாடு. இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கும் வரை ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது. கேட்கும்போது மேடம் தரையில் உட்கார்ந்துகொள்வார். மூட்டுவலி உண்டு, ஆனாலும் உட்காருவார். குழந்தையின் எதிரே எழுதமாட்டார். பேரை முதலில் கேட்கமாட்டார். பயந்துபோன குழந்தை போலீஸ்காரர் வாயில் வந்த பேரையே தன் பேர் என்று சொல்லும். "வீட்டுல யாரு முன்னாடி எந்திரிப்பாங்க?" என்று கேட்பார். "கதவு தெறந்தா எதிர்ல என்னா தெரியும்?" என்பார். படிவத்தில் 'தெரியாது' என்ற சொல் இருக்கக்கூடாது. காலியான இடத்தில் 'இன்னும் கேட்டு அறியவில்லை' என்று எழுதவேண்டும். புதிதில் எனக்கு இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று புரியவில்லை.

ஒருமுறை நாலு வயதுப் பெண்குழந்தையைக் கொண்டுவந்தார்கள். தமிழ் பேசுகிறது, மதுரைப் பக்கமாக இருக்கலாம் என்று காகிதத்தில் இருந்தது. சோறு தின்றுவிட்டு, "நைனா வந்துக்கினு இருக்காரு," என்றது அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேடம், இது மதுரையில்ல, எங்க ஊர்ப் பக்கம்," என்றேன். சாயங்காலத்துக்குள் எங்கள் ஊர்ப் பக்கத்துச் சத்தியவேட்டுக்குத் தகவல் போய், நைனா வந்துவிட்டார். மேடம் அன்று எனக்கு ஒரு காப்பி வாங்கிக்கொடுத்தார். பேசுகிற குழந்தை என்றால் ஏதாவது ஒரு நூல் கையில் கிடைத்துவிடும்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. மேடம் வங்கக் கதைகளைத் தெலுங்கில் படிப்பார். நான் தமிழில் படிப்பேன். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே ஒருவர் படித்ததை மற்றவருக்குச் சொல்வோம். ஆறு, படகு, மழை, பேச்சு வராத பிள்ளை, அந்தப் பிள்ளையின் பேச்சைப் புரிந்துகொள்ளும் மாடு கன்று. மனிதர்களிடம் ஊமையாக இருக்கும் குழந்தை தண்ணீரிடமும் மரத்திடமும் பேசும். அந்தப் பக்கங்களை நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். மேடமும்தான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஊர் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. திரும்பின பக்கமெல்லாம் லாட்ஜ் கட்டினார்கள். எங்கெங்கிருந்தோ வேலைக்கு ஆள் வந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் பக்கத்து ரயில் நிலையம் ஒன்றிலிருந்து அந்தப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். ஸ்டேஷன் பேர் வேண்டாம். யார்மேலும் குறை சொல்ல நான் எழுதவில்லை.

ஏழு வயது இருக்கும். நீலக் கவுன், காலில் செருப்பில்லை. 'பிளாட்பாரத்தில் தனியாகக் காணப்பட்டாள்' என்று காகிதம் சொன்னது. தண்ணீர் குடித்தாள், சோறு சாப்பிட்டாள், இரண்டாவது தடவை தட்டை நீட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

மேடம் ஒரு நோட்டு வைத்திருந்தார். தண்ணீர், சோறு, அம்மா, வீடு ஆகிய சொற்களைத் தெலுங்கு, தமிழ், கன்னடம், இந்தி, மராத்தி, ஒரியாவில் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொன்றாகச் சொல்லி முகத்தைப் பார்த்தோம். 'மா' என்றபோது தலை சட்டென்று திரும்பியது. ஆனால் எல்லாப் பாஷையிலும் அந்தச் சொல் இருக்கிறதே, அதை வைத்து என்ன செய்வது. ஆஸ்பத்திரியில் காது நன்றாக இருக்கிறது என்றார்கள். தொண்டையிலும் குறை இல்லை.

ஒருநாள் எங்கள் சமையற்காரம்மா தன் சாப்பாட்டிலிருந்து ஒரு துண்டு மீன் கொடுத்தாள். முள் நிறைந்த மீன். அந்தப் பெண் நாக்காலேயே ஒவ்வொரு முள்ளாகப் பிரித்து எடுத்துவிட்டாள்.

"ஏ சரோஜா, இது தண்ணி பக்கத்துப் பொண்ணுடி. முள்ளு எடுக்கிறத பாரு," என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள் சமையற்காரம்மா.

தண்ணீர் என்றதும் எங்களுக்குத் தோன்றியது சூளூர்பேட்டைதான். அங்குள்ள பெரிய ஏரிக்கரையின் மீன்காரக் குடும்பமாக இருக்கும் என்று போட்டோவை எடுத்துக்கொண்டு நானே போனேன். இரண்டு நாள் குப்பம் குப்பமாகக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

இல்லத்தின் முற்றத்தில் ஒரு புங்கமரம் இருந்தது. வந்த மறுநாளே அந்தப் பெண் அதனடியில் போய் உட்கார்ந்தாள். காலையில் பல் தேய்த்ததும் அங்கேதான். மதியம் சாப்பிட வருவாள், திரும்பவும் அங்கே. மற்ற பிள்ளைகள் கூப்பிட்டால் போகமாட்டாள். அணில் காலருகே வந்து போகும், அசையமாட்டாள். பூ உதிர்ந்து தலையில் கிடக்கும், தட்டிவிடமாட்டாள்.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நான் படித்துப் படித்து உருகிய அதே குழந்தை, புத்தகத்திலிருந்து எழுந்து வந்து எங்கள் முற்றத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. மேடத்தை ஜன்னலுக்கு அழைத்துக் காட்டினேன். அவரும் வெகுநேரம் பார்த்தார். "அவ லோகம் வேற," என்றார் மெதுவாக. "டிஸ்டர்ப் பண்ணாத."

நான் டிஸ்டர்ப் பண்ணவில்லை. மற்ற பிள்ளைகளையும் அவளருகே போய்ச் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டேன். நானும் மெல்ல மெல்ல அவளிடம் பேசுவதை விட்டுவிட்டேன். தட்டை வைப்பேன், தலையைத் தடவுவேன், வந்துவிடுவேன். வாராவாரம் ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் குறிப்பு எழுதவேண்டும். ஐந்து வாரம் அவளைப் பற்றி ஒரே மாதிரி எழுதினேன். 'அமைதியாக இருக்கிறாள். இயற்கையோடு ஒன்றியிருக்கிறாள்.' மேடம் கையெழுத்துப் போட்டார்.

அப்போது ரோட்டை அகலப்படுத்தினார்கள். எங்கள் கிழக்குப் பக்கத்து மதில் பின்னால் தள்ளப்பட்டது. அந்தப் பக்கத்து கேட்டைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, வடக்கே புது கேட் வைத்தார்கள். மேஸ்திரி வேலையை முடித்துப் போன மறுநாள் காலை, மேடம் ஜன்னலில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"சரோஜம்மா, அந்தப் பாப்பா எங்க குந்தியிருக்கு?"

"எப்பவும் போல மரத்தடியில மேடம்."

"காது," என்று தெலுங்கில் மறுத்தார். "நல்லா பாரு. நேத்து வரைக்கும் மரத்துக்கு இந்தப் பக்கம். இன்னைக்கு அந்தப் பக்கம். மரம் எடம் மாறல. அவ ஏன் மாறினா?"

பார்த்தேன். வழக்கமாகக் கிழக்கே பார்த்து உட்காருகிறவள் அன்று வடக்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். மரம் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நினைத்துப் பார்த்தால், ஐந்து வாரமும் மரம் அவள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. அணிலை அவள் பார்த்து நான் பார்க்கவில்லை. இலையைக் கையில் எடுத்தும் பார்க்கவில்லை. அவள் பார்த்ததெல்லாம் கேட்டை.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மரத்தடியில இருன்னு யாரோ சொல்லிட்டுப் போயிருக்காங்க," என்றார். "அவ காத்துக்கினு இருக்கா. நாம கத படிச்சிக்கினு இருந்தோம்."

அன்று மத்தியானமே ரயில் நிலையத்துக்குப் போனோம். அவளைக் கொண்டுவந்த ரயில்வே காவலரைத் தேடிப் பிடித்தோம். வயதான மனிதர், நல்லவர். மேடம் கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

"பிளாட்பாரத்துல இல்லம்மா. வெளிய கூட்ஸ் ஷெட் கிட்ட ஒரு வேப்பமரம், அதும் கீழ குந்தினு இருந்துச்சி. வெளியன்னு எழுதினா டவுன் போலீஸ் ஸ்டேஷன்காரங்க வரணும், லேட்டாவும். வெயிலு ஏறிக்கினே இருந்துச்சி. கொழந்தைய எத்தினி நேரம் குந்த வெக்கிறதுன்னுதான் அப்படி எழுதிட்டேன்."

இரக்கப்பட்டு எழுதிய ஒரு வார்த்தை. அதனால் இத்தனை நாள் நாங்கள் அந்த வேப்பமரத்துப் பக்கமே போகவில்லை. நேரே அங்கே போனோம். பக்கத்தில் ஒரு டீக்கடை. புத்தூர்ப் பக்கத்துத் தமிழர் நடத்தினார். தமிழில் கேட்டேன்.

"பெங்காலிக்காரன் ஒருத்தன் வருவாம்மா," என்றார் அவர். "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து இங்க குந்திக்கினு இருப்பான். பாஷ வராது. கையால இம்மாம் ஒசரம்னு காட்டுவான். நான் கூட ஏதோ சாமான தொலச்சிட்டான்னு நெனச்சேன்."

பெங்காலி என்றதும் மேடமும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எத்தனை வருஷம் எத்தனை கதை. ஒரு வங்காளச் சொல் எப்படி ஒலிக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. மேடத்தின் நோட்டில் ஆறு பாஷை இருந்தது, அது மட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளை அழைத்துக்கொண்டு போனோம். ஆட்டோவிலிருந்து இறங்கி வேப்பமரத்தைப் பார்த்ததும் என் கையை உதறிவிட்டு ஓடினாள். முதுகை மரத்தில் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம்.

பதினோரு மணி இருக்கும். லுங்கியும் சிமெண்ட் படிந்த சட்டையுமாக ஒரு ஆள் ரோட்டைத் தாண்டி வந்தான். தோளில் துணிப்பை. முப்பது வயதுக்குமேல் இருக்காது. மரத்தடியில் ஆள் இருப்பதைப் பார்த்து நின்றான். பையை இறக்கி வைத்தான். அப்படியே குந்திவிட்டான். அவளும் எழுந்திருக்கவில்லை. எழுந்து ஓடுவாள் என்று நான் நினைத்தேன். அவள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து அவனையே பார்த்தாள். அவன்தான் எழுந்து, பத்தடி நடந்து, அவளருகே போய்த் தலையில் கை வைத்தான்.

அதன் பிறகுதான் பேசினாள்.

நிறுத்தாமல் பேசினாள். மூச்சு வாங்கினாள், மறுபடி பேசினாள். எங்களைக் காட்டிப் பேசினாள், ஆட்டோவைக் காட்டிப் பேசினாள். கணீரென்ற குரல். நான் வருஷக்கணக்காகப் படித்த கதைகளின் பாஷையை அன்றுதான் முதன்முதலாகக் காதால் கேட்டேன். ஒரு வார்த்தை புரியவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

அவன் பேர் நிதாய். அவள் பேர் ரேணு. அவனுக்குக் கொஞ்சம் இந்தி வந்தது, மேடத்துக்கும் வந்தது. ஆற்றங்கரை ஊர். மனைவி போன வருஷம் இறந்துவிட்டாள். பெண்ணைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கட்டட வேலைக்குக் கூடவே அழைத்து வந்திருக்கிறான். ரயிலை விட்டு இறங்கியதும், ஆள் கூட்டிவந்தவன் ஆண்களை மட்டும் லாரியில் ஏற்றினான். இன்னொரு நடை வந்து மற்றவர்களையும் சாமானையும் ஏற்றலாம் என்றான். நிதாய் பெண்ணை மரத்தடியில் உட்காரவைத்து, நான் வரும் வரை எழுந்திருக்காதே, யாரோடும் பேசாதே, யாரோடும் போகாதே என்று சொல்லியிருக்கிறான். லாரி சாயங்காலம் வரை திரும்பவில்லை. அவன் வந்து பார்த்தபோது பெண் இல்லை. போலீசிடம் போனால் உன்னைத்தான் பிடித்து உள்ளே வைப்பார்கள் என்று ஆள் கூட்டிவந்தவன் பயமுறுத்தி வைத்திருந்தான்.

மூன்று கட்டளையில் ஒன்று, காவலர் தூக்கிப் போனபோதே உடைந்துவிட்டது. மற்ற இரண்டையும் அந்தக் குழந்தை தன்னால் முடிந்தவரை ஐந்து வாரம் காப்பாற்றியிருக்கிறது. அவன் வேலை செய்த லாட்ஜ் எங்கள் இல்லத்திலிருந்து நாலு தெரு தள்ளி இருந்தது.

உடனே அனுப்பிவிட முடியாது. ஊரிலிருந்து பஞ்சாயத்துக் கடிதம் வரவேண்டும், விசாரணை முடியவேண்டும். ஒரு மாதம் ஆயிற்று. அதுவரை தினமும் வேலை முடிந்து அவன் வந்து பெண்ணைப் பார்க்க மேடம் அனுமதி வாங்கிக்கொடுத்தார். அவள் இப்போது முற்றம் முழுக்க ஓடினாள். மரத்தடிப் பக்கம் போவதே இல்லை.

மேடம் செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்லவேண்டும். என் ஐந்து வாரக் குறிப்புகளைக் கிழித்துவிட்டு வேறு எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். கடைசிக் குறிப்பின் கீழே, 'தவறாகப் பார்த்தோம். இருவரும்' என்று தன் கையால் எழுதினார். முதலில் தான் கையெழுத்துப் போட்டு, பிறகு என்னிடம் நீட்டினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. என் மேலதிகாரியாக இருந்த ஒருவரிடம் நான் பட்ட பெரிய கடன் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

கடிதம் வந்து, அவர்கள் கிளம்புகிற நாள். நிதாய் கட்டட வேலையை விட்டுவிட்டான். பலமனேரில் ஒரு மாட்டுப் பண்ணையில் குடும்பத்தோடு தங்க இடம் கொடுத்து வேலை தருகிறார்கள் என்று மேடம் விசாரித்து ஏற்பாடு செய்திருந்தார். ரேணு புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள். ஏதோ கேட்டாள். நிதாய் சங்கடமாகச் சிரித்து, இல்லை இல்லை என்பது போலக் கையாட்டினான்.

"என்னா கேக்குது?" என்றேன்.

மேடம் இந்தியில் அவனிடம் கேட்டார். பிறகு எனக்குச் சொன்னார்.

"அந்த அம்மா மொதல்ல எங்கூட நல்லா பேசிக்கினு இருந்தாங்க. அப்புறம் ஏன் பேசறத நிறுத்திட்டாங்க, எம்மேல கோவமான்னு கேக்குது."

நான் தரையில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு அந்தக் கதைகளை மறுபடி எடுத்தேன். இனிமேல் பிடிக்காது என்று நினைத்துத்தான் எடுத்தேன். படிக்கப் படிக்க வேறு ஒன்று கண்ணில் பட்டது. ஆற்றங்கரைக்குப் போகும் அந்த ஊமைப் பிள்ளை சும்மா போகவில்லை. வீட்டில் யாரும் அதோடு பேசுவதில்லை. தாய்க்கே அதைப் பார்த்தால் வெட்கம். அதனால்தான் அது கன்றுக்குட்டியைத் தேடிப் போகிறது. கதையில் அது பளிச்சென்று எழுதியிருக்கிறது. நான்தான் அந்த வரிகளைத் தாண்டி, ஆறும் மழையும் வரும் பக்கத்துக்கு ஓடியிருக்கிறேன். கதைகள் என்னை ஏமாற்றவில்லை. நான் பாதிதான் படித்திருந்தேன். இதைத்தான் பவானியிடம் சொன்னேன். குழந்தைக்கும் மரத்துக்கும் நடுவே என்ன உறவு என்று எழுதுவதற்கு முன்னால், வீட்டிலிருப்பவர்கள் அந்தக் குழந்தையிடம் கடைசியாக எப்போது பேசினார்கள் என்று கதையில் தேடிப் பார் என்றேன். அவள் குறித்துக்கொண்டாள்.

பலமனேரிலிருந்து இரண்டு மூன்று தடவை கார்டு வந்தது. ரேணு அங்கே தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். கடைசிக் கார்டை அவளே தெலுங்கில் எழுதியிருந்தாள். பிறகு ஊருக்குத் திரும்பியிருக்கவேண்டும்.

அவள் போன இரண்டு வாரத்தில் இன்னொரு குழந்தை வந்தது. இதற்கு உண்மையிலேயே காது கேட்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மூன்று வயதுப் பெண். சுவரோரம் ஒண்டிக்கொண்டு வாசலில் ஓடும் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேலையெல்லாம் முடித்துவிட்டு அவள் எதிரே, என் முகம் தெரியும்படி தரையில் உட்கார்ந்தேன். நாகலாபுரத்துத் தமிழில், காலையில் பஸ்ஸில் இடம் கிடைக்காததைச் சொன்னேன். சாம்பாரில் உப்புக் கூடிப்போனதைச் சொன்னேன். என் மகன் பரீட்சைக்குப் படிக்காமல் கிரிக்கெட் ஆடப் போனதைச் சொன்னேன். அரைமணி நேரம் கழித்து அவள் எறும்பை விட்டு என் வாயைப் பார்த்தாள். பதில் சொல்லவில்லை. நானும் நிறுத்தவில்லை.